எட்டாம் நம்பர் பாம்புத்தாரா

உன் மகள் அந்தப் பிஸ்கட் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தபோது காடி வாடை அடித்தது. பழைய ஃபிலிம் கெட்டுப்போகும்போது வருகிற புளித்த வாடை. நீ போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "மாமா, பதினாறாம் நாள் படத்திறப்பு வெச்சிகீறோம். அப்பா எடுத்த அந்தப் பறவ போட்டோவ பெருசா போட்டு பக்கத்துல மாட்டலாம்னு ஆச. அது வந்த பத்திரிக எப்பவோ தொலஞ்சிபோச்சி, எந்த நெகட்டிவ்னு எங்களுக்குத் தெரில. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்" என்றாள். அவளுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. தலையைச் சாய்த்துப் பேசுவது மட்டும் அப்படியே நீதான்.

அவள் போன பிறகு ஒவ்வொரு நெகட்டிவாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்த ஏரி மண், எருமை முதுகில் உட்கார்ந்திருக்கிற உண்ணிக்கொக்கு, மழைக்கு முந்தின மேகம். எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. பட்டுப்போன கட்டையின் மேல் இறக்கையை விரித்து வெயில் காய்கிற பாம்புத்தாரா. வளைந்த கழுத்தும் கூர்மையான அலகும், அலகின் நுனியில் தொங்குகிற ஒரு சொட்டுத் தண்ணீரும்கூடத் தெரிந்தன. அந்த நெகட்டிவின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தாய். நம்பர் இருக்கவேண்டிய ஓரம் அதுதான்.

அதன் ஜோடியும் பக்கத்திலேயே இருந்தது. அதே பறவை, அதே கட்டை. ஆனால் கை ஆடிப்போய், இறக்கை எது தண்ணீர் எது என்று தெரியாமல் குழம்பிப்போன படம். அதன் ஓரத்தை நீ நறுக்கவில்லை. நறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. எட்டு என்று பளிச்சென்று இருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுப்படியிலிருந்து என் மருமகள் எட்டிப் பார்த்தாள். கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பாள். ஐம்பது வருஷம் இந்த ஒரு நம்பருக்காகக் காத்திருந்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்? அதை நீ அன்றைக்கே அடுப்பில் போட்டிருந்தால் தப்பித்திருப்பாய். ஆனால் போட முடியாது, எனக்குத் தெரியும். எவ்வளவு பாழான படமானாலும் நெகட்டிவைத் தூக்கிப்போட நம் இரண்டு பேருக்குமே கை வராது. அந்தப் பழக்கம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் உன் மகளிடம் எட்டாம் நம்பரைக் கொடுத்தேன். "இதாம்மா உங்க அப்பா எடுத்தது" என்றேன். அவள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மங்கலா கீதே மாமா?" என்றாள். "உங்க அப்பா எடுத்தது இதான்" என்று மறுபடியும் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

படத்திறப்பு அன்று மாலை போட்ட உன் முகத்துக்குப் பக்கத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கலங்கல் தொங்கியது. கீழே உன் பெயர். கம்பெனியில் நம்மோடு வேலை பார்த்தவர்களில் மிச்சமிருக்கிற நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். "இன்னாபா இது, துணி காயப்போட்டாப்ல கீது" என்று ஒருத்தர் என் காதருகே கேட்டார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியான காபியை நான் வாழ்நாளில் குடித்ததில்லை.

இதைப் படித்தால் நீ கொதித்துப் போவாய். போ. கணக்கை நேர் செய்துவிட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம்தான். ஆனால் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

அம்பத்தூர் கம்பெனியில் உன் லேத்தும் என் லேத்தும் பக்கத்துப் பக்கத்தில். மூர் மார்க்கெட்டில் அந்த இரட்டை லென்ஸ் கேமராவை இருவரும் சேர்ந்து வாங்கினோம். மேலேயிருந்து குனிந்து பார்க்கிற பெட்டி. உள்ளே பார்த்தால் உலகம் இடம் வலமாக மாறித் தெரியும். பறவை வலது பக்கம் நகர்ந்தால் நாம் இடது பக்கம் திருப்பித் தொலைப்போம். அந்த வருஷங்களில் ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு ரோலில் பன்னிரண்டு படம், அதுவும் எப்போதாவதுதான். அதனால் நீதான் அந்தச் சட்டத்தைப் போட்டாய்: ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை உனக்கு. ஒருத்தன் எடுத்ததும் ஃபிலிமைச் சுற்றி, பின்னால் இருக்கிற சிவப்பு ஜன்னலில் அடுத்த நம்பர் வந்து நின்றதும் கேமராவை மற்றவன் கையில் கொடுத்துவிட வேண்டும். எப்பேர்ப்பட்ட பறவை எதிரே நின்றாலும் சரி.

சட்டத்துக்கு நீ ஒரு காலத்தில் எவ்வளவு உண்மையாக இருந்தாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்குனியில் மீன்கொத்தி ஒன்று வாயில் மீனோடு நம் முன்னால் வந்து உட்கார்ந்தது. கேமரா உன் கையில். நாலாம் நம்பரை அப்போதுதான் எடுத்து முடித்திருந்தாய். சுற்றினதும் சிவப்பு ஜன்னலில் ஐந்து, என் முறை. நீ குனிந்துகூடப் பார்க்காமல் பெட்டியை என் கையில் திணித்தாய். நான் தடுமாறுவதற்குள் அது பறந்துவிட்டது. "போச்சு மச்சான்" என்று சொல்லி நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த ஆளைத்தான் நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நீ திருமுல்லைவாயிலிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவாய். நான் ஆவடியிலிருந்து வருவேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சேருவோம். அந்நேரம் என் வீட்டில் எல்லோரும் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். "சாமிய விட கொக்கு ஒசத்தியாப் போச்சா?" என்று அம்மா வாசல் வரைக்கும் வந்து திட்டுவாள். சித்திரையில் ஏரி நடுவில் சைக்கிளிலேயே போகலாம், மண் அவ்வளவு காய்ந்து கிடக்கும். மிச்சமிருக்கிற ஒரு குட்டையில் கொக்குகள் தோளோடு தோள் நிற்கும். ஆடிக் காற்றில் லென்ஸ் முழுக்கப் புழுதி. ஐப்பசியில் ஒரு வாரம் மழை பிடித்தால் போதும், நாம் சைக்கிள் ஓட்டின இடத்தில் நாமக்கோழிகள் நீந்தும். கார்த்திகை முடிவதற்குள் மேற்குக் கரையோரம் தண்ணீரில் நிற்கிற கருவேல மரங்களில் வக்காக்களும் வெள்ளைக் கொக்குகளும் கூடு கட்டத் தொடங்கிவிடும். அந்தக் கிளைகளை எண்ணினால் இலையை விடப் பறவை அதிகம் இருக்கும்.

ஒரே இடத்தில் நின்று வருஷம் முழுவதையும் எடுக்க வேண்டும் என்பது நம் இரண்டு பேருடைய ஆசை. உன்னுடையது மட்டும் இல்லை, நினைவிருக்கட்டும்.

அந்த மார்கழி ஞாயிறு. தென்னங்கீற்றுத் தட்டிக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கால் மரத்துவிட்டது. பதினைந்தடி தூரத்தில் இருந்த கட்டையில் பாம்புத்தாரா ஏறி உட்கார்ந்து இறக்கையை விரித்தது. அதன் பின்னால் பனி விலகிக்கொண்டிருந்தது. சிவப்பு ஜன்னலில் ஏழு. "மூச்சு உடாத மச்சான், லென்ஸு ஆடும்" என்று என் தோளில் சொன்னாய். நான் மூச்சைப் பிடித்து அழுத்தினேன். சுற்றினேன். எட்டு வந்ததும் கொடுத்தேன். நீ அழுத்துகிற அதே நொடியில் உன் தொடையில் அட்டை கடித்தது. உன் முழங்கை துள்ளியதை என் கண்ணால் பார்த்தேன். பறவை தண்ணீரில் குதித்து மறைந்தது. கரை ஏறி, அட்டை மேல் உப்பு வைத்துக்கொண்டே, "என்து ஆடிப்போச்சி மச்சான், தெரியும்" என்று நீயே சொன்னாய். உன் வாயால் சொன்னாய்.

ரோலைக் கழுவுவது உன் வேலை. உன் வீட்டு ஸ்டோர் ரூமில் கம்பளியை மாட்டி இருட்டாக்கி, உன் மனைவியின் பீங்கான் தட்டுகளில் கழுவுவாய். வழக்கமாக ரோலை நீளவாக்கில் அப்படியே கொண்டு வந்து காட்டுவாய். அந்த முறை காட்டவில்லை. கேட்டால், "காயல மச்சான்" என்றாய். அப்புறம் "வெட்டி வெச்சிட்டேன்" என்றாய்.

ஒரு மாதம் கழித்து கேன்டீன் நோட்டீஸ் போர்டில் ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். அதில் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பாம்புத்தாரா. அலகில் அந்தத் தண்ணீர்ச் சொட்டு. கீழே உன் பெயர். ஃபோர்மேன் உன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் டீ டம்ளரோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அன்று ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டேன். "அது ஏழா, எட்டா?"

"எட்டு மச்சான்."

"உன்து ஆடிப்போச்சின்னு நீதானே சொன்ன?"

"நெனச்சேன். கழுவிப் பாத்தா உன்துதான் ஆடிக்கீது. நான் இன்னா பண்றது?"

"நெகட்டிவ காட்டு."

"பத்திரிகைக்காரன்கிட்ட கீது."

"ரெண்டுமா?"

நீ சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, "இன்னா மச்சான், ஒரு போட்டோவுக்குப் போயி" என்றாய். அந்த 'ஒரு போட்டோவுக்குப் போயி' இருக்கிறதே, அதுதான் என் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னை அற்பன் ஆக்கினாய். இருபத்தாறு வயது வரைக்கும் நான் சரியாகச் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அதன் கீழே என் பெயரைப் பார்க்க என் அம்மா இல்லாமல் போனாள், என் மகன் பிறந்து வளர்ந்து அதை உன் படம் என்றே நம்பினான்.

நான் உன்னோடு சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தவில்லை. அது உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். என் மனசு பெரியது என்று நினைத்திருப்பாய். நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நேரம் அடுத்த வருஷமே வந்தது. அந்தப் பத்திரிகை உன்னிடம் ஒரு ஏரியின் எல்லாப் பருவங்களையும் எடுத்துத் தரச் சொன்னது. ஃபிலிமும் அவர்களே கொடுத்தார்கள். நம் ஆசை, நம் ஏரி, ஆனால் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் இனிமேல் உன்னுடையது. அதைச் சொல்ல நீ என் வீட்டுக்கே வந்து, பலகாரம் தின்றுகொண்டு, "நீயும் வா மச்சான். தட்டி புடிக்க ஆள் வேணும்" என்றாய்.

நான் வந்தேன். வருஷம் முழுக்கத் தட்டி பிடித்தேன். சித்திரை எடுத்தாய், ஆடி எடுத்தாய், ஐப்பசி மழையை எடுத்தாய். கடைசியாகக் கருவேல மரத்துக் கூடுகளும் குஞ்சுகளும் மட்டும் பாக்கி. மார்கழி இரண்டாவது ஞாயிறு பத்திரிகையிலிருந்து ஒருத்தர் நேரிலேயே வருவதாக ஏற்பாடு. நீ கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நான் லீவு போட்டேன். கிறிஸ்துமஸுக்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த வெடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்கு மேற்குக் கரைக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. முதல் வெடியைக் கரைக் கல் மேல் வைத்துக் கொளுத்தினேன்.

எல்லாம் ஒன்றாக எழும்பின. ஏரி மேல் வெள்ளையாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்து கூடுகளில் இறங்கின. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். அடுத்ததைக் கொளுத்தினேன். ஒவ்வொரு தடவை அவை இறங்க வரும்போதும் ஒன்று கொளுத்தினேன். பை காலியாகும் வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல். மூன்றாவது நாலாவது வெடிக்கெல்லாம் காக்கைகள் வந்துவிட்டன. காக்கைக்கு வெடிச் சத்தம் பயமில்லை. கூடு கூடாகப் புகுந்து இழுத்தன. வக்காக் குஞ்சுகள் தாய் வந்தால் கத்துகிற மாதிரியே காக்கையைப் பார்த்தும் வாயைத் திறந்து கத்தின. சில குஞ்சுகள் பயந்து தண்ணீரில் விழுந்தன. நான் கையில் நெருப்புப் பெட்டியோடு அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மதியத்துக்குள் பெரிய பறவைகள் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டன. கையிலிருந்த வெடிமருந்து நாற்றத்தை ஏரியிலேயே கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன்.

ஆமாம், நான்தான். இப்போது தெரிந்துகொள்.

மறுநாள் பத்திரிகைக்காரரோடு நீ வந்தபோது நான் தட்டியோடு தயாராக நின்றேன். மரம் காலி. அங்கங்கே கூட்டுக் குச்சிகள் சிதறிக் கிடந்தன. "இன்னா மச்சான் ஆச்சி? வெள்ளிக்கெழம பாத்தனே, கூடு கூடா இருந்துச்சே" என்று நீ தண்ணீரில் இறங்கி மரம் மரமாக ஓடினாய். அப்புறம் கரையில் கிடந்த சிவப்புக் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கி வந்து என்னிடம் காட்டினாய். "எவனோ வெடி வெச்சிகிறான் மச்சான். மனுசனா அவன்?" என்றாய். "பசங்களா இருக்கும்" என்றேன். பத்திரிகைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அந்தப் படத்தொடர் வரவே இல்லை. நீ கரையில் குந்தி அழுதாய். நான் உன் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னேன். அப்போது எனக்குள் எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கேமராவை அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டாய். "நீ வெச்சிக்க மச்சான். எனக்கு வேணாம்." எனக்கும் அதில் ஒரு ரோல்கூடப் போடத் தோன்றவில்லை.

அடுத்த மார்கழியில் மரங்களில் ஒரு கூடும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. நீதான் விடவில்லை. ஒவ்வொரு மார்கழி ஞாயிறும் என் வீட்டு வாசலில் மணி அடிப்பாய். "வா மச்சான், இந்த வருசம் வரும்." இருவரும் கரையில் போய்க் குந்துவோம். நீ ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பாய். "வரும்ல?" என்பாய். "வரும்" என்பேன். வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான். உன்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, வராததற்காகக் காத்திருக்க வைத்தேன். இதை விடப் பெரிய தண்டனை உனக்கு எந்தக் கோர்ட்டிலும் கிடைத்திருக்காது. முதல் நாலைந்து வருஷம் ஒவ்வொரு 'வரும்' என்கிற சொல்லையும் சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னேன்.

அதற்குப் பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை. நீ மணி அடிப்பதற்கு முன்பே நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தேன். கரையில் ஏறியதும் உன்னை முந்திக்கொண்டு மரங்களைப் பார்த்தேன். ஏதாவது ஒரு வெள்ளை அசைந்தால் எழுந்து நின்று பார்த்தேன். தண்ணீரில் விழுந்த குஞ்சுகளின் சத்தம் டீ குடிக்கும்போது கேட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அந்த மரங்களையே விறகுக்கு வெட்டிவிட்டார்கள். அந்த மார்கழியும் நீ வந்து மணி அடித்தாய். மரம் இருந்த இடத்தில் தண்ணீருக்கு மேல் மொட்டைக் கட்டைகள்தான் நின்றன. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவ்வளவு வருஷம் சேர்த்து வைத்த கோபம். உன் டீயைத் தட்டிவிட்டேன். "மரமே இல்ல. எங்க வந்து குந்தும்? எதுக்குடா என்னை இஸ்துகினு வர?" என்று கத்தினேன்.

நீ கீழே விழுந்த டம்ளரை எடுத்துத் துடைத்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "வராதுன்னு எனக்கு எப்பவோ தெரியும் மச்சான். கொக்கு போனதுல உனக்குத்தான் ரொம்ப வலி. நான் வரலன்னா நீ தனியா வந்து குந்துவியேன்னுதான் வரேன்."

அவ்வளவுதான் சொன்னாய். நான் உன்னைத் தண்டித்துக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறுகளிலும் நீ எனக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறாய். என் படத்தை எடுத்துக்கொண்டாய், சரி. அதற்கு ஈடாக நான் தீர்த்துக்கொண்ட பழியையும் அன்றைக்கு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகும் நாற்பது மார்கழி, உன் கால் ஓய்கிற வரைக்கும், நாம் போய் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருநாள்கூட ஏழு என்று நீ சொல்லவில்லை, வெடி என்று நான் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நறுக்கின அந்த ஓரத்தை நினைத்தால் இப்போதும் உன் கழுத்தைப் பிடிக்கத்தான் கை போகிறது. உனக்குச் செய்ததற்கு நான் வருந்தவில்லை. அந்தக் குஞ்சுகளுக்கு என்ன சொல்வது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. அதை என்னோடு சேர்ந்து சுமந்த ஒரே ஆள் நீ, என்ன சுமக்கிறோம் என்று தெரியாமலேயே சுமந்துவிட்டு, போய்விட்டாய்.

மார்கழிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த வருஷம் நான் தனியாகத்தான் போய்க் குந்த வேண்டும்.